வாய் மூடிய படம்

பாஸ்போர்ட் படத்தில் வாயை மூடியிருக்கிறேன்.
விதி அப்படி.
விதி இல்லாத படங்களிலும் அப்படியேதான்:
நர்சிங் முடித்த நாளில்,
அண்ணன் கல்யாணத்தில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு,
கிறிஸ்துமஸ் நாடகத்தில்
அட்டை இறக்கை கட்டிய தூதனாக.
பாப்பாரப்பட்டி போர் தண்ணீர்
விழுந்து முளைத்த முதல் பல்லிலேயே
பழுப்பாய்க் கோடு போட்டுவிட்டது.

விண்ணப்பத்தில் மலாவி என்று எழுதியிருந்தேன்.
மிஷன் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தபோது
ஒல்லியாய், நாடு நீளத்துக்கும் ஓர் ஏரி.
எவ்வளவு தண்ணீர் என்று நினைத்தேன்.
அழுதேன்கூட.
பக்கத்திலிருந்தவர்கள் ஆவியானவர் என்றார்கள்.
இருக்கலாம்.
தூரம் கூடக்கூட அழைப்பும் பெரிது என்று
யாரும் சொல்லித் தரவில்லை,
நானே கற்றுக்கொண்டது.

விசா வருவேனா என்றிருந்தது.
சும்மா இருக்காதே எப்சிபா என்று
பாஸ்டர் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார்.
கண்ணாடிக் குழாய் பன்னிரண்டு,
சொட்டு மருந்து ஒரு புட்டி, வண்ண அட்டை.
பென்னாகரம் தாண்டி,
பஸ் திரும்பிவிடும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்.
நல்ல தண்ணீர் என்றால் இளஞ்சிவப்பு நிற்கும்.
ஃபுளோரைடு ஏற ஏற மஞ்சள்.

பள்ளிக்கூட அடிபம்பு, மஞ்சள்.
மாரியம்மன் கோயில் பின்புறம், மஞ்சள்.
கவுன்சிலர் வீட்டு போர்,
அட்டையில் இல்லாத மஞ்சள்.

சாலம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள்,
மடங்காத முழங்காலை வெயிலுக்கு நீட்டி.
வயசு நாற்பதுகூட இருக்காது.
"எந்த ஊரு?"
சொன்னேன்.
"பல்லக் காட்டு."
இருபத்தாறு வருஷத்தில்
யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.
காட்டினேன்.
"அட, நம்ம தண்ணி குடிச்சவதான்" என்று
கொட்டைக் குவியலைத் தள்ளி இடம் விட்டாள்.

அவள் மகள் என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தாள்.
சிரிப்பு பாதி வருவதற்குள்
புறங்கை எழுந்து உதட்டை மூடியது.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
நான் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன்,
பீரோ கண்ணாடி முன்னால், யாருமில்லாத ஒரு மத்தியானத்தில்.
"பெரிசானா போயிருமாக்கா?"
"போகாது."
அந்த ஊரில் நான் சொன்ன முதல் சாட்சி அது.

சென்றாயன் பைக்கை அணைக்காமலே கேட்டான்:
"மதம் மாத்த வந்தீங்களா?"
இதற்குப் பயிற்சியில் மூன்று பதில் கொடுத்திருந்தார்கள்.
ஒன்றும் நாக்குக்கு வரவில்லை.
"தண்ணி பாக்க வந்தேன்."
"அது பாதி. மீதி?"
மீதிக்கு ஒரு பெயர் உண்டு என்னிடம்,
ராத்திரி முழங்காலில் நின்று கூப்பிடும் பெயர்.
அவனிடம் மறைக்கவில்லை. சொன்னேன்.
அவன் தலையாட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.
வண்டியை அணைத்தான்.
குழாயை வாங்கி வெயிலில் பிடித்து
வெகுநேரம் பார்த்தான்.
"எங்க அப்பா குனிஞ்சே செத்தாரு" என்றான்,
குழாயிடம்.

பென்னாகரம் பஸ் நிலையத்தில்தான் சிக்னல் வந்தது.
விசா வந்திருந்தது.
மூன்று வருஷ ஜெபம், ஒரு வரிச் செய்தியாக.
வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி
இரண்டு பஸ்ஸை விட்டேன்.
குரல் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டது கண்டக்டர் குரல்தான்,
தர்மபுரி தர்மபுரி தர்மபுரி என்று.

அம்மா சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.
"பென்னாகரத்துக்கா?
அதுக்கு எதுக்குடி பாஸ்போர்ட் எடுத்தே?"
பிறகு சமையலறையில்
மெதுவாக அழுதாள்.
மிஷன் செயலாளர் போனில் கேட்டார்,
பயமா என்று.
இல்லை என்று சொல்லத் தைரியம் வரவில்லை.
கொஞ்சம் இருக்கலாம்.
பக்கத்து ஊரில் மறைத்துக்கொள்ள முடியாது,
என் பல்லை எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை.
பெட்டியில் பதினொரு குழாய்,
ஒன்று பஸ்ஸில் உடைந்தது.
செருப்படியில் இன்னும் புளி ஒட்டியிருக்கிறது.
முதல் பஸ் ஆறே காலுக்கு.